இழை அறுந்து இழை சேரும் வளையம்

(கடையநல்லூரில் மாணவர்களும் ஆசிரியர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

என் கையில் இருப்பது அரை மீட்டர் நீளமுள்ள காப்பர் பைப். இது ஒரு காந்தம். நியோடிமியம் காந்தம், சுண்டுவிரல் நுனி அளவு. முன்வரிசையில் இருக்கிற தம்பி மேலே வாருங்கள். காந்தம் குழாயில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை. செம்பில் காந்தம் ஒட்டாது, எல்லோருக்கும் தெரியும். இப்போது இதே அளவு இரும்புக் குண்டைக் குழாய்க்குள் போடுங்கள். போட்ட சத்தமும் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன அல்லவா? அடுத்து காந்தத்தைப் போடுங்கள். அவை எண்ணட்டும். ஒன்று… இரண்டு… மூன்று… இப்போதுதான் வெளியே வருகிறது.

ஒட்டாத குழாய் ஏன் காந்தத்தைத் தாங்கித் தாங்கி இறக்குகிறது? காந்தம் கீழே நகரும்போது குழாயின் சுவரில் மின்னோட்டம் வளையம் வளையமாக எழுகிறது. அந்த வளையங்கள் காந்தத்தை எதிர்க்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் சுழல் மின்னோட்டம் என்று படிப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வளையமும் ஒரு கணத்தில் செத்துவிடுகிறது. செம்பின் மின்தடை அதைத் தின்று வெப்பமாக்கிவிடுகிறது. அதனால்தான் காந்தம் நிற்காமல், மெதுவாகவாவது கீழே வந்து சேர்கிறது.

அந்த வளையம் சாகாமல் இருந்தால் என்ன ஆகும்? இன்று பேச வந்த செய்தி அதுதான்.

1911 ஏப்ரலில் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தார். சுழி கெல்வினுக்கு மேல் 4.2 பாகை அளவில் அதன் மின்தடை திடீரென்று காணாமல் போனது. இப்படி ஆகும் பொருளை மீக்கடத்தி என்கிறோம். 1914இல் அவர் ஈயக் கம்பிச் சுருள் ஒன்றைக் குளிர்வித்து, காந்தத்தை அருகே வைத்து எடுத்தார். சுருளில் எழுந்த மின்னோட்டம் பேட்டரி எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வைத்த திசைகாட்டி ஊசி விலகியது விலகியபடியே நின்றது. 1932இல் லைடன் ஆய்வகத்தின் ஃப்ளிம், 200 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்த ஈய வளையத்தைத் திரவ ஹீலியத்தில் முக்கி வைத்து, விமானத்தில் லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே ராயல் இன்ஸ்டிடியூஷனில், நாம் இப்போது கூடியிருப்பதுபோன்ற ஒரு பொதுச் சொற்பொழிவில், அதை மக்களுக்குக் காட்டினார்கள். ஒரு ஊரில் ஏற்றிவிட்ட மின்னோட்டம் கடல் தாண்டி இன்னொரு ஊரில் வந்து இறங்கியது.

1963இல் ஃபைல், மில்ஸ் என்ற இருவர் இப்படிப்பட்ட ஓட்டம் எவ்வளவு மெல்லத் தேய்கிறது என்று அளந்தார்கள். ஒரு லட்சம் ஆண்டுக்குக் குறையாது என்று விடை வந்தது.

இது எங்கோ நடக்கும் அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். தென்காசியிலோ திருநெல்வேலியிலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போயிருப்பீர்கள். மீக்கடத்திக் காந்தம் கொண்ட எந்திரம் என்றால், அதற்குள் நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருளில் நிறுவிய நாளில் ஏற்றிய மின்னோட்டம்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் விளக்கணைத்து ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகும் காந்தம் உயிரோடுதான் இருக்கும். வாசலிலேயே சாவியையும் சில்லறையையும் கழற்றி வாங்கிக்கொள்வது அதனால்தான்.

இனி, ஏன் இப்படி என்று பார்ப்போம். மீக்கடத்துத்திறன் என்றால் மின்தடை சுழியாதல் என்று ஒரு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். எனக்கு அதில் நெடுநாள் மனக்குறை உண்டு. மின்தடை சுழியாவது விளைவு. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல இந்த ஊரைவிட நல்ல ஊர் எனக்கு வாய்க்காது. கடையநல்லூர் தறியில் வளர்ந்த ஊர். பாவும் ஊடும் என்ன என்று இங்கே யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாதாரண உலோகத்தில் எலக்ட்ரான்கள் சந்தைக் கூட்டம்போல. ஒவ்வொன்றும் தன் போக்கில் இடித்துக்கொண்டு போகும். குளிர்ந்த மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைகின்றன. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கிய செய்தி அது. அந்த இணைகள் அத்தனையும் சேர்ந்து ஒரே அலையாக நடக்கின்றன. கோடானுகோடி பஞ்சு நார்கள் முறுக்கேறி ஒரே நூலானதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு வளையலை எடுங்கள். ஒரு நூலை வளையல்மீது சுற்றிச் சுற்றி, வளையலை முழு வட்டம் வந்து, தொடங்கிய இடத்திலேயே இரண்டு நுனியையும் முடிச்சுப் போடுங்கள். எத்தனை சுற்று சுற்றினீர்கள்? மூன்றாக இருக்கலாம், ஏழாக இருக்கலாம். மூன்றரைச் சுற்று முடியாது. மூன்றரையில் ஒரு நுனி வளையலுக்கு உள்பக்கமும் மறு நுனி வெளிப்பக்கமும் நிற்கும்; முடிச்சு விழாது. மீக்கடத்தி வளையத்தில் அந்த ஒரே அலையும் வட்டம் முழுக்கப் போய்த் தன்னோடு தானே பொருந்தியாக வேண்டும். ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் இருக்கும். சுற்று கூடினால் ஓட்டம் மாறும். சுற்று மாற வேண்டுமென்றால் நூலை எங்காவது அறுக்க வேண்டும். அறுக்க ஆளில்லாதபோது மின்னோட்டம் எப்படிக் குறையும்? லட்சம் ஆண்டின் ரகசியம் இந்த முடிச்சில் இருக்கிறது.

இந்தச் சுற்று எண்ணிக்கைக்கு அளவும் உண்டு. வளையத்துக்குள் நுழையும் காந்தப்பாயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத்தக்க துகள்களாகத்தான் நிலைபெறும். ஒரு துகளின் அளவு 2.07 × 10⁻¹⁵ வெபர். 1961இல் ஸ்டான்ஃபோர்டில் டீவர், ஃபேர்பேங்க் இருவரும், ஜெர்மனியில் டோல், நேபௌர் இருவரும் தனித்தனியே இதை அளந்து, ஒரே இதழில் வெளியிட்டார்கள். இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் லண்டன் முன்பே கணித்திருந்த அளவில் சரிபாதிதான் கிடைத்தது. ஏன் பாதி? எலக்ட்ரான்கள் ஒற்றையாகப் போகாமல் இணையாகப் போவதால். சுற்றை எண்ணப் போனவர்கள் இணையையும் கண்டுகொண்டார்கள்.

இங்கேதான் சின்ன வளையம் வருகிறது. மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் போட்டுப் பார்க்க எளிய கணக்கு. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா. திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் அந்தப் புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே போகிறது. அதை ஆராயத்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆகையால் இங்கே வளையலை மேசையில் படுக்க வைத்தால் பூமியின் காந்தம் அதற்குள் நுழைவதே அரிது. வடக்கு பார்த்து நிமிர்த்தி வையுங்கள். ஆறு செண்டிமீட்டர் விட்டமுள்ள வளையலுக்குள் எத்தனை துகள் நுழையும்? ஏறக்குறைய ஐந்தரைக் கோடி.

ஐந்தரைக் கோடியில் ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்? ஒன்று குறைந்தால் யார் கேட்பார்? அதே வளையலை ஒரு மைக்ரான் ஆரத்துக்குச் சுருக்குங்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது பூமியின் காந்தப்புலம் முழுவதும் சேர்ந்து ஒரு துகளில் பதினாறில் ஒரு பங்கைத்தான் தரும். ஒரே ஒரு துகளை நுழைக்கவே பூமியைப்போலப் பதினாறு மடங்கு புலம் வேண்டும். இங்கே ஒன்று என்றால் ஒன்றுதான். பெரிய வளையலில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்திருந்த எண்ணிக்கை, சிறிய வளையத்தில் விரல்விட்டு எண்ணும்படி வெளியே வருகிறது. சிறியதைத் தேடி ஆய்வாளர்கள் போவது இதற்காகத்தான்.

சிறியதாக்கினால் இன்னொன்றும் சேர்ந்து வரும். அதற்கு ஆங்கில நூல்கள் வைத்திருக்கும் பெயரை நம் நூல்கள் ஏற்ற இறக்கம் என்று எழுதும். நான் தளும்பல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சாரலைச் சொன்னாலே தளும்பல் விளங்கிவிடும். மே கடைசியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா என்று ஊரெல்லாம் பேச்சு. மலைமேல் மேகம் இறங்கும். இரண்டு தூறல் விழும். குடையை எடுப்பதற்குள் வெயில் வந்துவிடும். மறுநாள் மாலை மீண்டும் காற்று, மீண்டும் நாலு துளி. அது சீசனா? இல்லை. ஒன்றுமே இல்லையா? அதுவும் இல்லை. வரப்போகிற பருவம் வந்து வந்து எட்டிப்பார்க்கிறது. மீக்கடத்தியும் அப்படித்தான். அலுமினியம் 1.2 கெல்வினில் மீக்கடத்தியாகும். அண்டவெளியின் குளிரே 2.7 கெல்வின், அதற்கும் கீழே. அந்த 1.2ஐத் தொடுவதற்குச் சற்று முன்பே இங்கொரு கணம் அங்கொரு கணம் எலக்ட்ரான்கள் இணைந்து நூலாகிப் பிரிகின்றன. தொட்ட பிறகும், இன்னும் சற்றுக் கீழே இறங்கும்வரை நூல் மெலிந்துதான் இருக்கிறது. அவ்வப்போது அறுந்து சேர்கிறது.

பெரிய உலோகக் கட்டியில் இதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை. குடம் நிறையத் தண்ணீர் எடுத்து வரும்போது கால் இடறினால் நாலு சொட்டு சிந்தும், அவ்வளவுதான். அதே இடறலில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை என்ன ஆகும்? மொத்தமும் போய்விடும். வெப்பம் தரும் உலுக்கல் இரண்டுக்கும் ஒன்றுதான்; வெப்பநிலை மாறாதவரை அதன் அளவும் மாறாது. நூலைக் கலைக்கத் தேவையான ஆற்றலோ பொருளின் பருமனைப் பொறுத்தது. வளையம் மெலிய மெலிய, அந்த உலுக்கல் நூலை அறுக்கப் போதுமானதாகிவிடுகிறது.

1967இல் ஜேம்ஸ் லாங்கர் என்பவரும், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த இந்திய வம்சாவளி இயற்பியலாளர் வினய் அம்பேகாவ்கரும் இதைக் கணக்காக்கினார்கள். மெல்லிய மீக்கடத்திக் கம்பியில் ஏதோ ஒரு புள்ளியில் ஒரு கணம் நூல் இற்றுப்போகிறது. அந்தக் கணத்தில் ஒரு சுற்று கழன்றுவிடுகிறது. உடனே நூல் சேர்ந்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சிறு மின்தடையாகத் தெரியும். தறியில் இழை அறுவதும் நெய்பவர் விரல் நொடியில் பிணைத்துவிடுவதும் போலத்தான். துணியில் ஒரு சிறு புள்ளி மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளியைப் பார்த்து அறுந்த கணத்தை அறிவது, பயின்ற கண்ணுக்கு முடியும்.

இதுவரை முழுத் துகள்களைப் பார்த்தோம். இனி அரைத் துகளுக்கு வருவோம். வளையத்துக்குள் வெளியிலிருந்து சரியாக அரைத் துகள் அளவு காந்தப்பாயம் செலுத்துகிறோம். வளையமோ முழு எண்ணைத்தான் ஏற்கும். என்ன செய்யும்? சுழியிலேயே நின்றால், மிஞ்சிய அரையை ஈடுகட்ட ஒரு திசையில் ஓட வேண்டும். ஒன்றுக்குப் போனால், குறைகிற அரையை ஈடுகட்ட எதிர்த்திசையில் ஓட வேண்டும். இரண்டுக்கும் செலவு ஒன்றே. முச்சந்தியில் நிற்பவர்போல வளையம் தவிக்கிறது. பெரிய வளையத்தில் அந்த அரை, நீண்ட சுற்றளவில் பரவிக் கரைந்துவிடும். சிறிய வளையத்தில் பரவ இடமில்லை. சிறிய சுற்றளவில் அவ்வளவு வேகமாக ஓடும் செலவைத் தாங்காமல், நூலாக இருப்பதையே வளையம் கைவிடத் தலைப்படும். அதாவது அரைத் துகளில், அது மீக்கடத்தியாகும் மாறுநிலை வெப்பநிலையே கீழே இறங்கிவிடும். 1962இல் லிட்டில், பார்க்ஸ் இருவரும் மெல்லிய உருளையில் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் முதலில் கண்டார்கள்.

அப்படியானால் தளும்பல் எங்கே மிகுதியாக இருக்கும்? நூல் எங்கே நலிந்திருக்கிறதோ அங்கே. அரைத் துகளில். கணக்கு இதைச் சொன்னது. 1992இல் ஃபான் ஓப்பன், ரீடல் என்ற இருவர் மெல்லிய வளையத்தின் தளும்பலைத் தோராயம் இல்லாமல் முழுமையாகத் தீர்த்து வைத்தார்கள். தளும்பலைப் பொறுத்தவரை இப்படித் துல்லியமான தீர்வு கிடைப்பது அபூர்வம். ஆனால் ஒற்றை வளையத்தை எடுத்து அளந்து பார்க்கும் கருவி அப்போது இல்லை.

2007இல் அளந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் கேத்ரின் மோலர் ஆய்வுக்குழு. கட்டுரையின் முதல் பெயர் நிக் கோஷ்னிக். அலுமினியத்தில் ஒன்றிரண்டு மைக்ரான் ஆரமுள்ள வளையங்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே இருபதை வரிசையாக அடுக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாக அளப்பதில் இருந்த சிக்கலைக் கேளுங்கள். வளையத்தில் மின்னோட்டம் எழ வேண்டுமானால் வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுக்க வேண்டும். வளையம் திருப்பித் தரும் காந்தமோ, கொடுத்ததில் கோடியில் ஒரு பங்கு. ஒரு கோடி ரூபாய்ச் சில்லறை கொட்டிக்கிடக்கும் அறையில் ஒரு ரூபாய் கூடியிருக்கிறதா என்று கேட்கிற வேலை. அவர்கள் செய்தது நம் மளிகைக்கடைக்காரர் செய்வதுதான். எண்ணெயைப் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தைத் தனியாக நிறுத்துக் கழிப்பார் அல்லவா? அளவியை வளையத்துக்கு வெகு அருகே கொண்டுபோய் ஒரு முறை, தள்ளி வைத்து ஒரு முறை அளந்தார்கள். கழித்தார்கள். மிஞ்சியது வளையத்தின் குரல்.

அந்தக் குரல் என்ன சொன்னது? மாறுநிலை வெப்பநிலைக்கு மேலேயும், அதாவது சீசன் தொடங்கும் முன்பும், வளையத்தில் மின்னோட்டம் இருந்தது. அரைத் துகளுக்கு அருகில் தளும்பல் பெருகியது. 1992இன் கணக்கும் 2007இன் அளவும் பொருந்தின. வளையத்துக்கு வளையம் தளும்பல் எப்படி வேறுபடும் என்பதை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு சொல்லிவிட முடிந்தது. சயின்ஸ் இதழில் வெளியான சில பக்கக் கட்டுரை. என்னைக் கேட்டால், இயற்பியலில் கணக்கும் கைவேலையும் ஒன்றையொன்று தொட்ட அழகான இடங்களில் அது ஒன்று.

அந்த அளவி எது என்று சொல்ல வேண்டும். அதன் பெயர் ஸ்குவிட். அதுவும் ஒரு மீக்கடத்தி வளையமே. வளையத்தில் ஒன்றோ இரண்டோ இடத்தில் வேண்டுமென்றே நூலை இற்றுப்போக விட்டிருப்பார்கள். ஜோசப்சன் சந்தி என்று அதற்குப் பெயர். நலிந்த அந்தச் சந்தியில் நடப்பதைக் கவனித்தால், வளையத்துக்குள் ஒரு துகளில் மிகச் சிறு பின்னம் நுழைந்தாலும் தெரிந்துவிடும். ஒரு வளையத்தின் தளும்பலை இன்னொரு வளையம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது.

ஸ்குவிட்டுக்காக ஸ்டான்ஃபோர்டு போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டம் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், நியோபியம் படலங்களைக் கொண்டு ஸ்குவிட்டைத் தாங்களே செய்திருக்கிறார்கள். அதைக்கொண்டு இதயத்தின் காந்தத்தையும் மூளையின் காந்தத்தையும் அளக்கும் கருவிகளையும் அங்கே அமைத்தார்கள். இதயம் துடிக்கும்போது எழும் காந்தப்புலம் பூமியின் புலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு. மூளை நினைக்கும்போது எழுவது நூறு கோடியில் ஒரு பங்கு அளவு. கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், தலைக்கு வெளியே வைத்த சிறு வளையம் அதைப் பிடிக்கிறது. கல்பாக்கம் என்றால் நமக்கு அணுமின் நிலையம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுத் தொடர்பு என்று வந்துவிட்டதால் இன்னொன்றும் சொல்லி நகர்கிறேன். 1987இல் உயர் வெப்பநிலை மீக்கடத்திகள் உலகத்தை உலுக்கியபோது, பி. டபிள்யூ. ஆண்டர்சனோடு சேர்ந்து அதற்கு ஒரு கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். 2016 இறுதியில், பிஸ்மத் படிகம் அரை மில்லிகெல்வினை ஒட்டிய குளிரில் மீக்கடத்தியாவதை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டறிந்த குழுவில் எஸ். ராமகிருஷ்ணனும் ஏ. தமிழவேளும் இருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்த ஊரில் பேச ஒப்புக்கொண்டேன்.

இங்கிருந்து வடக்கே பஸ் ஏறுங்கள். புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மலையை ஒட்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் வத்திராயிருப்பு. 1898 டிசம்பர் 4ஆம் தேதி அங்கே பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை. 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது ராமனின் பக்கத்தில் நின்று உழைத்தவர். நான் மாணவனாக இருந்தபோது அவரைப் பற்றி இந்த ஒரு வரி மட்டும்தான் கேள்விப்பட்டேன். அவர் தனியே செய்த வேலையை நாற்பது வயதுக்குப் பிறகுதான் படித்தேன். அந்தத் தாமதம் என்னை இன்னும் உறுத்துகிறது.

டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது கிருஷ்ணன் படிகங்களின் காந்தத்தை அளந்தார். நாப்தலீன், அதாவது துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டை. அதன் சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தங்களுக்கு நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல்நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். படிகம் பிடிவாதமாக நிற்கும். முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று திரும்பிவிடும். திரும்பிய கோணத்திலிருந்து, படிகம் எந்தத் திசையில் எவ்வளவு காந்தத்தை எதிர்க்கிறது என்று கணக்கிட்டார். கோடி ரூபாய்க் கருவி எதுவும் இல்லை. ஓர் இழை, ஒரு படிகம், பொறுமை.

கண்டது என்ன? அந்துருண்டை மூலக்கூறில் கார்பன் அணுக்கள் அறுகோண வளையங்களாக நிற்கின்றன. அந்த வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தத்தைக் கொடுத்தால் எதிர்ப்பு மிகப் பெரிதாக இருக்கிறது. 1936இல் லண்டனில் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலோடு சேர்ந்து, இந்த எதிர்ப்புக்கும் மூலக்கூறின் அமைப்புக்கும் உள்ள உறவை எழுதினார். ஏன் இவ்வளவு எதிர்ப்பு? எலக்ட்ரான்கள் தனித்தனி அணுவைச் சுற்றாமல் முழு வளையத்தையும் சுற்றி ஓடுகின்றன என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங் சொன்னார். 1937இல் ஃபிரிட்ஸ் லண்டன் ஒரு கட்டுரை எழுதினார். முன்பே சொன்ன அதே லண்டன், காந்தத் துகளைக் கணித்தவர். இந்த மூலக்கூறுகளில் மீக்கடத்துத்திறன் என்று தலைப்பிலேயே எழுதினார். காந்தப்புலம் இருக்கும்வரை அந்தக் கார்பன் வளையத்தில் மின்னோட்டம் தேயாமல் ஓடுகிறது. அதைக் கெடுக்க மின்தடை இல்லை. அறை வெப்பநிலையில், பீரோவுக்குள், அந்துருண்டைக்குள்.

அந்த வளையத்தின் விட்டம் ஒரு நானோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஒரு முழுக் காந்தத் துகளை நுழைக்க வேண்டுமானால் சுமார் 40,000 டெஸ்லா வேண்டும். ஸ்கேன் எந்திரத்தின் காந்தம் வழக்கமாக ஒன்றரை டெஸ்லா. ஆகவே அங்கே சுற்று எண்ணிக்கை மாறவே மாறாது, மெல்லிய எதிர்ப்பு மட்டும் தெரியும். ஸ்டான்ஃபோர்டின் மைக்ரான் வளையம் அந்துருண்டை வளையத்துக்கும் வளையலுக்கும் நடுவே இருக்கிறது. நடுவே இருப்பதால்தான் அது எண்ணவும் தருகிறது, தளும்பவும் செய்கிறது. மீக்கடத்தியாகாத சாதாரணத் தங்க வளையத்திலும் அந்த அளவில் தேயாத மின்னோட்டம் உண்டு என்று 1983இல் ப்யூட்டிகர், இம்ரி, லாண்டவர் மூவரும் கணித்தார்கள். 2009இல் அதே மோலர் குழு தங்க வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து உறுதி செய்தது.

இந்தியா விடுதலை பெற்ற ஆண்டில் கிருஷ்ணன் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். இந்தியாவில் திரவ ஹீலியக் குளிரை எட்டும் ஆய்வுக்கு அங்கே இடம் கொடுத்தார். மீக்கடத்திகள் பற்றி முன்பே நூல் எழுதியிருந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் டேவிட் ஷூன்பெர்க், 1953–54இல் அங்கே வந்து வழிகாட்டினார். கிருஷ்ணன் 1961 ஜூன் 14 அன்று காலமானார். வளையத்துக்குள் காந்தத்தைத் துகள்துகளாக எண்ணிய அந்த இரண்டு கட்டுரைகளும் அடுத்த மாதம் அச்சாகின.

மீக்கடத்தியின் கதை இன்றும் தொடர்கிறது. 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்குப் போனது. கையில் எடுத்துக் காட்டக்கூடிய மீக்கடத்திச் சுற்றிலும் அணுவுக்குள் நடப்பதுபோன்ற குவாண்டம் விதிகள் செல்லும் என்று காட்டியதற்காக. இந்தியாவும் 2023இல் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த வேலைகள் திறந்திருக்கின்றன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். மைக்ரோடிப் பென்சிலில் போடும் லெட் ஒன்றை எடுங்கள். ஐந்து ரூபாய் பத்து ரூபாய்க்குக் கடையில் டப்பாவாகக் கிடைக்கும். நடுவில் மெல்லிய நூலால் கட்டி, தராசுக் கோல்போலக் கிடையாகத் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள். ஆட்டம் நிற்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு நியோடிமியம் காந்தத்தை லெட்டின் நுனிக்கு மெல்ல அருகில் கொண்டு போங்கள். லெட் விலகும். காந்தத்தை மறுபக்கம் திருப்பிக் காட்டினாலும் விலகும். பென்சில் லெட்டில் இருப்பது கிராஃபைட், அறுகோணக் கார்பன் வளையங்களின் அடுக்கு. அதன் காந்தத்தையும் கிருஷ்ணன் அளந்து 1941இல் எழுதினார். வருகிற டிசம்பர் 4 அன்று உங்கள் வகுப்பில் இதைச் செய்து காட்டுங்கள். செய்யும்போது வத்திராயிருப்பு என்ற ஊர்ப் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.